பெரிகோர் காட்டுச் சாலைகளில் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்சின் தென்மேற்கில், போர்தோ நகரத்துக்குக் கிழக்கே தோர்தோஞ் என்றொரு மாவட்டம் இருக்கிறது. பழைய பெயர் பெரிகோர். உள்ளூர்க்காரர்கள் இன்றும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். கார் தொல்லை இல்லாமல் காட்டுக்குள்ளும் பழைய கல் ஊர்களுக்குள்ளும் சைக்கிள் ஓட்ட எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த இடம்தான். போகத் திட்டமிடும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் இங்கே.

நிஜமாகவே வண்டியே வராதா?

வரும். ஆனால் எண்ணிவிடலாம். போக்குவரத்து இல்லாத பாதை என்று இங்கே இரண்டு வகையைச் சொல்வார்கள், குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒன்று வுவா வெர்த் எனப்படும் பசுமைப் பாதை. அதில் மோட்டார் வண்டிக்கு அனுமதியே கிடையாது. பெரும்பாலும் ரயில் நின்றுபோன பழைய தண்டவாளத் தடத்தில் தளம் போட்டிருப்பார்கள். இன்னொன்று சாதாரணத் தார்ச்சாலை. எல்லாருக்கும் திறந்திருக்கும், போகத்தான் ஆள் இல்லை.

பெரிகோரின் ருசி இந்த இரண்டாவது வகையில்தான் இருக்கிறது. காட்டுக்குள் வாரநாள் காலையில் கிளம்பினால் தபால்காரரின் மஞ்சள் வேன், ஒரு டிராக்டர், மரம் ஏற்றிய லாரி ஒன்று, இவ்வளவுதான் எதிரே வரும். சைக்கிளுக்கென்று தனிப்பாதை தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். சரியான சாலையைத் தேர்ந்தெடுத்தால் அதுவே உங்கள் தனிப்பாதை.

ஆள் இல்லாத இடத்தில் இவ்வளவு நல்ல சாலைகள் எதற்கு?

ஒரு காலத்தில் ஆள் இருந்தார்கள். 1851இல் தோர்தோஞ்சின் மக்கள்தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. இன்று நாலு லட்சத்துச் சொச்சம். பரப்பளவோ சுமார் 9,060 சதுர கிலோமீட்டர், ஐரோப்பியப் பிரான்சின் மூன்றாவது பெரிய மாவட்டம். அந்த நாலு லட்சத்திலும் கணிசமானவர்கள் பெரிகே, பெர்ஜராக் என்று நகரங்களிலும் அவற்றின் சுற்றுப்புறங்களிலும் இருக்கிறார்கள். மிச்ச இடத்தில் மைல்கணக்காகக் கருவாலி மரம், செஸ்ட்நட் மரம், நடுவில் ஒரு பண்ணை வீடு.

ஊர் காலியானதற்குப் பல காரணங்கள். 1870களில் வந்த ஃபிலாக்ஸீரா பூச்சி திராட்சைத் தோட்டங்களை அழித்தது. பிழைப்பைத் தேடி நகரங்களுக்கும் ரயில்வே வேலைக்கும் போனவர்கள் திரும்பவில்லை. அப்புறம் முதல் உலகப் போர். எந்தக் குக்கிராமத்தில் சைக்கிளை நிறுத்தினாலும் தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு நினைவுக்கல் இருக்கும். பத்து வீடு உள்ள ஊரில் பதினைந்து பெயர் செதுக்கியிருக்கும், ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை வரும். அந்த வீடுகளை இணைக்கப் போட்ட சாலைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. பிரான்சில் மொத்தம் பத்து லட்சம் கிலோமீட்டருக்கு மேல் சாலை உண்டு. அதில் பாதிக்கு மேல் சிற்றூராட்சிகளின் பொறுப்பு. பள்ளிப் பேருந்தும் பால் வண்டியும் போக வேண்டும் என்பதற்காக அவற்றைப் பராமரித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

காலியான சாலையை வரைபடத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

செல்பேசிச் செயலி காட்டும் வழியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றாதீர்கள். மிஷ்லின் நிறுவனத்தின் மாவட்ட வரைபடம் ஒன்று வாங்கி மேசைமேல் விரியுங்கள். சிவப்புக் கோடு பெரிய சாலை, பக்கமே போக வேண்டாம். மஞ்சள் கோடு இரண்டாம் நிலை, சமாளிக்கலாம். வெள்ளைக் கோடுதான் நமக்கு. சில சாலைகளின் ஓரத்தில் பச்சை அடித்திருக்கும். காட்சி அழகான சாலை என்று அர்த்தம். ஆகஸ்டில் அதையே பார்த்து எல்லாச் சுற்றுலாக் கார்களும் வரும் என்றும் ஒரு அர்த்தம் உண்டு.

இன்னொரு விதி: ஆற்றை விடுங்கள், முகட்டைப் பிடியுங்கள். தோர்தோஞ் ஆறும் வேசேர் ஆறும் ஓடும் பள்ளத்தாக்குகளில்தான் பெரிய சாலை, ரயில், கூடாரத் தளம், படகுத்துறை எல்லாம். இரண்டு ஆற்றுக்கும் நடுவில், அல்லது தோர்தோஞ் ஆற்றுக்குத் தெற்கே மேட்டில் ஏறிவிட்டால் காடுதான். ஏறுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் மூச்சு வாங்கும். அதற்கப்புறம் முகட்டிலேயே நிழலில் நெடுநேரம் ஓட்டலாம்.

சாலையோரம் மஞ்சள் தலைப்பாகை வைத்த சின்னக் கல் தெரிந்தால் அது மாவட்டச் சாலை. கல்லில் டி என்ற எழுத்தும் எண்ணும் இருக்கும். எண் கல்லே இல்லாமல் நடுவில் புல் முளைத்த தார் வந்தால் சிற்றூராட்சிச் சாலைக்குள் நுழைந்துவிட்டீர்கள். அதுவும் நல்லதுதான், ஆனால் வளைவுகளில் உதிரி ஜல்லி கிடக்கும், பார்த்துத் திரும்புங்கள்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எந்த வழி?

பெல்வெஸ் என்ற ஊரில் தங்குங்கள். அங்கிருந்து பெசேத் காட்டைச் சுற்றி மோம்பாசியே, மோன்ஃபெரான், காதுவான், ஊர்வால் வழியாகத் திரும்பினால் சுமார் 60 கிலோமீட்டர். ஓரளவு பழகியவர்களுக்குக் காலை எட்டு மணிக்குக் கிளம்பி, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, மாலை தேநீருக்குத் திரும்பும் தூரம்.

பெல்வெஸ் குன்றின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. ஊர் நடுவில் 15ஆம் நூற்றாண்டுச் சந்தைக் கூடம், கனமான மரத்தூண்கள். ஒரு தூணில் இன்னும் ஒரு இரும்புச் சங்கிலி தொங்குகிறது. குற்றவாளியைக் கட்டி ஊர் பார்க்க நிறுத்திய தூண் அது. சனிக்கிழமைக் காலை அதே இடத்தில் காய்கறிச் சந்தை நடக்கும். சதுக்கத்தின் தரைக்கு அடியில் குடைந்த குகை அறைகளில் 13ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டுவரை ஏழைக் குடும்பங்கள் மாடு கன்றோடு வாழ்ந்திருக்கின்றன. கோடையில் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள்.

ஊரை விட்டுத் தெற்கே இறங்கி ஏறினால் டி53 சாலை காட்டோரமாகப் போகிறது. செஸ்ட்நட் மரங்கள் கொத்துக் கொத்தாக, ஒரே அடியிலிருந்து ஏழெட்டுத் தண்டுகளாக நிற்பதைக் கவனியுங்கள். வேலிக்கும் பீப்பாய் வளையத்துக்கும் கரிக்கும் வெட்டி வெட்டி, அடிக்கட்டையிலிருந்து திரும்பத் துளிர்த்த மரங்கள். கோதுமை சரியாக விளையாத மேட்டுநிலத்தில் இதன் கொட்டைதான் ஏழைகளின் சோறு.

சுமார் 17 கிலோமீட்டரில் மோம்பாசியே. இதற்கு நேரம் கொடுங்கள். 1284இல் இங்கிலாந்தின் அரசன் முதலாம் எட்வர்ட் நிறுவிய ஊர். அந்தக் காலத்தில் இந்தப் பகுதி அவன் கையில் இருந்தது. வெற்று நிலத்தில் கயிறு பிடித்து அளந்த மாதிரி நேர் தெருக்கள், 400 மீட்டர் நீளம், 220 மீட்டர் அகலம், நடுவில் வளைவு மண்டபங்கள் சூழ்ந்த சதுக்கம். இப்படித் திட்டம் போட்டுக் கட்டிய ஊரை பஸ்தீத் என்பார்கள். எதிர்த்தரப்பில் பிரெஞ்சு அரசன் மூன்றாம் பிலிப் 1281இல் தோம் என்ற ஊரைக் குன்றின்மேல் கட்டினான். போட்டி போட்டு ஊர் கட்டிய காலம்.

மோம்பாசியேயில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு சாண் அகலத்துக்கு இடைவெளி விட்டிருப்பதைப் பாருங்கள். ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைவதே கஷ்டம். தீ பரவாமல் இருக்கவும் மழைத்தண்ணீர் ஓடவும் விட்ட சந்து. நடைமுறையில் குப்பையும் கழிவும் அதிலேதான் போயின. சந்தைக் கூடத்தில் தானியம் அளந்த பழைய மரக்கால்கள் இன்னும் இருக்கின்றன. 1637இல் வரிக்கொடுமைக்கு எதிராக எழுந்த குரோக்கான் குடியானவர்களின் தலைவன் புஃபாரோவைச் சித்திரவதை செய்து கொன்றதும் இதே சதுக்கத்தில்தான். இன்று அங்கே மேசை போட்டுக் காப்பி கொடுக்கிறார்கள்.

அடுத்து மோன்ஃபெரான் து பெரிகோர், சரிவில் தொங்கும் சின்ன ஊர். அப்புறம் சென் அவி செனியர். வயலுக்கு நடுவில் கோட்டை மாதிரி ஒரு தேவாலயம் தூரத்திலிருந்தே தெரியும். அது ஸ்பெயினின் சந்தியாகோவுக்கு நடந்துபோகும் யாத்திரைப் பாதையில் இருப்பதால் 1998இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. காதுவான் மடமும் அப்படியே.

காதுவானில் அப்படி என்ன இருக்கிறது?

1115இல் தொடங்கிய துறவியர் மடம். கூடவே ஒரு துணியின் கதை. ஏசுவின் தலையைச் சுற்றியிருந்த துணி என்று சொல்லி ஒரு பழைய துணியை இங்கே நூற்றாண்டுகளாக வைத்து வணங்கினார்கள். அரசர்கள் வந்து மண்டியிட்டார்கள், யாத்திரிகர் காணிக்கையில் மடம் செழித்தது. 1930களில் துணியின் ஓரத்து அலங்கார வேலைப்பாட்டை ஆராய்ந்தவர்கள் அது வெறும் பூவேலை இல்லை, கூஃபி எழுத்தில் நெய்த அரபு வாசகம் என்று கண்டுபிடித்தார்கள். எகிப்தை ஆண்ட ஃபாத்திமியக் கலீஃபா ஒருவரின் பெயர் அதில் இருந்தது, 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெய்த துணி. 1934இல் ஆயர் யாத்திரையை நிறுத்திவிட்டார்.

எனக்கு இந்த இடத்தில் பிடித்தது, மடத்தின் பிற்காலத்து உள்முற்றமும் அதன் தூண்களில் செதுக்கிய கதைகளும்தான். ஆனால் துணியின் கதை தெரியாமல் பார்த்தால் பாதிதான் பார்த்தமாதிரி. ஊர்ச் சதுக்கத்தில் சைக்கிளைச் சாய்க்கச் சந்தைக் கூடத்தின் தூண் இருக்கிறது, நிழலும் உண்டு.

அங்கிருந்து ஊர்வால் போகும் வழி முழுக்கக் காடு. ஊர்வாலில் ஊருக்கே பொதுவான ஒரு பழைய ரொட்டி அடுப்பு உண்டு. அந்தக் காலத்தில் எல்லாரும் பிரபுவின் அடுப்பில்தான் சுட வேண்டும், அதற்கு வரி வேறு. கூரைகளையும் நிமிர்ந்து பாருங்கள். சில வீடுகளில் ஓட்டுக்குப் பதில் லோஸ் என்ற பலகைக் கல்லை அடுக்கியிருப்பார்கள். ஒரு சதுர மீட்டருக்கு அரை டன் அளவுக்குக் கனம். அதைத் தாங்கத்தான் உள்ளே அவ்வளவு பருமனான உத்திரங்கள்.

ஏற்றம் எவ்வளவு கடினம்?

மலை கிடையாது, குன்றுகள். ஆற்றுமட்டம் 60 மீட்டர் போல, மேடுகள் 200, 250 மீட்டர். பெரும்பாலான ஏற்றங்கள் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். ஆனால் முடிந்ததும் இறக்கம், உடனே அடுத்தது. அதுதான் காலைப் பதம் பார்க்கும்.

அளவுகோல் வேண்டுமென்றால், 2017 டூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் 10ஆவது கட்டம் பெரிகேயிலிருந்து பெர்ஜராக்வரை இந்த வழியாகத்தான் போனது. தோம் ஏற்றத்துக்கும் லெ புயிசோன் த காதுவான் ஏற்றத்துக்கும் அவர்கள் கொடுத்தது நான்காம் தரம், அதாவது இருப்பதிலேயே லேசானது. மலையேறிகள் யாரும் ஜெயிக்கவில்லை, கடைசி நேர வேகத்துக்குப் பேர்போன மார்செல் கிட்டெல் ஜெயித்தார். நமக்கு அதே ஏற்றம் லேசாக இருக்காது, மிகச் சுலபமான கியரில் பேசாமல் மிதித்தால் ஏறிவிடலாம். மின்சார சைக்கிள் எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உள்ளூர் ஓய்வூதியர்கள் பலர் அதில்தான் போகிறார்கள்.

ஆற்றங்கரைக் கோட்டைகளைப் பார்க்காமல் வருவதா?

பாருங்கள், ஆனால் காலை ஒன்பது மணிக்குள். பேனாக், லா ரோக் கஜாக், கஸ்தெல்நோ, தோம் நாலும் அழகில் ஒன்றுக்கொன்று சளைத்தவை இல்லை. அங்கேதான் கூட்டமும். ஜூலை, ஆகஸ்டில் ஆற்றோர டி703 சாலையில் சைக்கிள் ஓட்டுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பேனாக்கில் பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒற்றைச் சாலை, அதில் கார் வரிசை. நெரிசல் தாங்காமல் ஊரைச் சுற்றிப் புறவழிச்சாலை கட்டத் தொடங்கினார்கள். நிலக்காட்சி கெடும் என்று வழக்குப் போட்டு 2018 கடைசியில் உச்ச நிர்வாக நீதிமன்றமே வேலையை நிறுத்தியது. அதற்குள் ஆற்றில் பாலத்தூண்கள் எழுந்துவிட்டன. இரண்டு பக்கத்து நியாயமும் புரிகிறது, சைக்கிளில் போகும்போது புறவழி கேட்டவர்கள் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே புரியும்.

குழந்தைகளோடு வருகிறோம். கார் வரும் சாலையே வேண்டாம்.

சார்லாவிலிருந்து கசூலெஸ்வரை போகும் பசுமைப் பாதை உங்களுக்குத்தான். பழைய ரயில் தடம், இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஏற்றம் தெரியவே தெரியாது. நீராவி எஞ்சின் ஏற முடிந்த சரிவில் குழந்தை ஏறாதா? நடுவில் கார்லுக்ஸ் ரயில் நிலையத்தை ரோபேர் துவானோவின் புகைப்படங்களுக்கான காட்சிக்கூடமாக மாற்றியிருக்கிறார்கள். பாரிஸ் தெருக்களைப் படமெடுத்துப் புகழ்பெற்றவர், இந்தப் பக்கம் விடுமுறைக்கு வந்தவர். பாதை குறுக்கே சாலையைக் கடக்கும் இடங்களில் மட்டும் பிள்ளைகளை நிறுத்திப் போகச் சொல்லுங்கள்.

வேகமாக ஓட்டுபவர்களுக்கு இந்தப் பாதை சலித்துவிடும். நடப்பவர்கள், நாய்கள், தள்ளுவண்டிகள் என்று ஞாயிற்றுக்கிழமை நிறைந்திருக்கும்.

குகை ஓவியங்களைச் சைக்கிளில் போய்ப் பார்க்கலாமா?

வேசேர் பள்ளத்தாக்கு அருகில்தான். 1940இல் கண்டெடுத்த லாஸ்கோ குகையை 1963இல் மூடிவிட்டார்கள், இப்போது பார்ப்பது நகல். அசல் வண்ண ஓவியம் பார்க்க வேண்டுமென்றால் லெ ஸேசி ஊரில் ஃபோன் த கோம் குகை இருக்கிறது. ஒரு நாளைக்குச் சிலரையே விடுகிறார்கள், முன்பதிவு அவசியம். வேர்வையோடு உள்ளே நுழைந்தால் குளிர் பிடிக்கும், ஒரு மேல்சட்டை வையுங்கள். பெடலில் மாட்டும் கிளீட்டை அடியில் வைத்த ஷூவோடு ஈரத் தரையில் நடக்காதீர்கள்.

எந்த சைக்கிள், எந்த டயர்?

ரோடு சைக்கிள் போதும். டயர் மட்டும் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல், 32 இருந்தால் இன்னும் சுகம். சின்னச் சாலைகளைப் பழுதுபார்க்கும்போது தாரைத் தெளித்து மேலே பொடி ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கார் சக்கரமே அதை அழுத்திவிடும் என்று கணக்கு. கார் வராத சாலையில் யார் அழுத்துவது? கிராவியோன் என்று பலகை கண்டால் வேகத்தைக் குறையுங்கள். கடும் வெயிலில் அந்தத் தார் இளகி டயரில் ஒட்டும்.

வாடகைக்கு எடுப்பதானால் கோடைக்கு நெடுநாள் முன்பே சொல்லிவையுங்கள். பெடல் உங்களுடையதைக் கொண்டுபோங்கள். இரண்டு டியூப், பம்ப், டயர் நெம்பி இல்லாமல் காட்டுக்குள் போகாதீர்கள். ஞாயிறு மதியத்துக்கு மேலும் திங்கள் முழுக்கவும் கடை திறந்திருக்கும் என்று நம்ப வேண்டாம்.

சாலை விதிகளில் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

முக்கியமானது ஒன்று: வலது பக்கத்துக்கு முன்னுரிமை. பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் உங்கள் வலப்புறத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். அது சந்து மாதிரி இருந்தாலும் சரி, நீங்கள் போவது அகலமான தெருவாக இருந்தாலும் சரி. கிராமத்துக்குள் இதுதான் ஆபத்து. உள்ளூர்க்காரர் தன் உரிமை என்று நிற்காமல் வந்துவிடுவார். மஞ்சள் வைர வடிவப் பலகை இருந்தால் உங்கள் சாலைக்கு முன்னுரிமை.

ஓட்டுவது சாலையின் வலது பக்கம் என்பதைச் சொல்லத் தேவையில்லைதான், ஆனாலும் காலை முதல் திருப்பத்தில் நம் ஊர்ப் பழக்கம் தலைதூக்கும். ஊருக்கு வெளியே கார் உங்களைத் தாண்டும்போது 1.5 மீட்டர் இடம் விட வேண்டும், ஊருக்குள் 1 மீட்டர். இருவர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டலாம், பின்னால் வண்டி வந்தால் ஒற்றை வரிசை. காதில் இயர்போன் கூடாது, கையில் செல்பேசி இருந்தால் 135 யூரோ அபராதம். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம், மற்றவர்களுக்குச் சட்டம் கேட்கவில்லை என்றாலும் போடுங்கள். இருட்டினால் ஊருக்கு வெளியே பளபளக்கும் மேலங்கி வேண்டும். மதுவுக்குக் காரோட்டிகளுக்கு உள்ள வரம்புதான் சைக்கிளுக்கும். பெர்ஜராக் வைன் பண்ணைகள் வழியில் இருப்பதால் சொல்கிறேன்.

சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

இதற்குத்தான் அதிகம் திட்டமிட வேண்டும். பெரிகோர் வாத்து நாடு. வாத்துக் கறியை விடுங்கள், வாத்துக் கொழுப்பு எல்லாவற்றிலும் இருக்கும். சார்லா உருளைக்கிழங்கு என்று பட்டியலில் அப்பாவியாக இருக்கும் வறுவல் வாத்து அல்லது கூஸ் கொழுப்பில்தான் பொரிகிறது. துரேன் என்ற பூண்டு சூப்பும் அப்படியே. பெரிகோர் சாலட் என்று கேட்டால் மேலே வாத்தின் இரைப்பைத் துண்டுகள் வரும். காளான் ஆம்லெட்டைக்கூட எதில் போடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். "சான் வியாந்த், சான் கிரெஸ் த கனார்" என்றால் இறைச்சியும் வாத்துக் கொழுப்பும் வேண்டாம் என்று புரியும்.

நம்பிச் சாப்பிட: கபெகூ என்ற ஆட்டுப்பால் சீஸைச் சூடாக்கி வைத்த சாலட், பன்றிக்கறித் துண்டு போடாமல் கேட்டு வாங்குங்கள். வால்நட் கேக் கிட்டத்தட்ட எல்லா ரொட்டிக்கடையிலும் உண்டு, சைக்கிள் பையில் நசுங்காது. ஏப்ரல் முதல் சந்தையில் ஸ்ட்ராபெரி. சந்தை நாளுக்கு ஏற்ப உங்கள் வழியை அமைக்கலாம்: மோம்பாசியே வியாழன், பெல்வெஸ் சனி, சார்லா புதனும் சனியும். உணவுக் கடைகள் எல்லாம் காலையில்தான், பன்னிரண்டரைக்கு மூட்டை கட்டிவிடுவார்கள்.

நேரம்தான் பெரிய வில்லன். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் உணவகத்தில் உட்காராவிட்டால் அப்புறம் சமையலறை மூடிவிடும். அதே நேரத்தில் மளிகைக் கடையும் மூடியிருக்கும். காலையில் ரொட்டி, சீஸ், பழம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவது உத்தமம். பாரிஸ் வழியாக வருபவர்கள் லா ஷப்பல் பகுதித் தமிழ்க் கடைகளில் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் வாங்கி வருவதுண்டு. தங்குமிடத்தில் அடுப்பு இருந்தால் இரவுக் கவலை தீர்ந்தது.

தண்ணீர்?

கடை இல்லாத ஊரிலும் கல்லறைத் தோட்டம் உண்டு. பூச்செடிக்கு ஊற்ற அங்கே ஒரு குழாய் இருக்கும். பிரெஞ்சு சைக்கிள்காரர்கள் எல்லாரும் அதில்தான் புட்டியை நிரப்புகிறார்கள். "நோன் பொத்தாபிள்" என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. நமக்குச் சங்கடமாக இருக்கலாம், வெயில் ஏறினால் சங்கடம் போய்விடும்.

எந்த மாதம் போவது?

மே, ஜூன், செப்டம்பர். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை ஆற்றோரம் கூட்டம். முகட்டுக் காடுகள் அப்போதும் காலிதான், ஆனால் வெயில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் வரும். அப்படிப்பட்ட நாளில் ஏழு மணிக்குக் கிளம்பி பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள்.

செப்டம்பரிலிருந்து பிப்ரவரி கடைசிவரை பொதுவான வேட்டைப் பருவம், முக்கியமாகக் காட்டுப்பன்றியும் மானும். ஆரஞ்சு மேலங்கி போட்டவர்கள் சாலையோரம் துப்பாக்கியோடு நிற்பார்கள், முன்கூட்டியே வேட்டை நடப்பதாகப் பலகை வைத்திருப்பார்கள். தார்ச்சாலையில் போகத் தடையில்லை. பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள், பேசிக்கொண்டே போங்கள், காட்டுக்குள் ஒதுங்காதீர்கள். இலையுதிர்காலத்தில் காளான் பறிக்க ஆசை வரும். இந்தக் காடுகள் அநேகமாக எல்லாமே தனியார் சொத்து, கேட்காமல் பறித்தால் திருட்டுக் கணக்கு.

ரயிலில் சைக்கிளைக் கொண்டுபோகலாமா?

பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து போர்தோவுக்கு டிஜிவி என்ற அதிவேக ரயில், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். சக்கரம் கழற்றி 130க்கு 90 சென்டிமீட்டர் பையில் போட்டால் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. அப்படியே ஏற்ற, இடம் உள்ள ரயில்களில் கட்டணம் கொடுத்து முன்பதிவு செய்ய வேண்டும். போர்தோவில் சார்லா போகும் உள்ளூர் ரயிலுக்கு மாறுங்கள். பெர்ஜராக், ட்ரெமோலா, லெ புயிசோன், சியோராக் எல்லாம் இந்த வழித்தடத்தில்தான். சியோராக்கில் இறங்கினால் பெல்வெஸ் ஐந்தாறு கிலோமீட்டர். பெல்வெஸிலேயே நிலையம் உண்டு, பெரிகே–அழான் தடத்தில். அதில் ரயில் குறைவு, நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் பெண்கள் ஓட்டலாமா?

ஓட்டுகிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கிராமத்தில் எதிர்ப்படுபவருக்கு முதலில் "போன்ழூர்" சொல்லிவிடுங்கள், கடைக்குள் நுழையும்போதும் அதுதான் முதல் வார்த்தை. சொல்லாமல் நேராகக் கேள்வி கேட்டால் முகம் மாறும்.

நடுக்காட்டில் விழுந்துவிட்டால்?

அவசர எண் 112. மருத்துவ உதவிக்கு மட்டும் 15. பள்ளங்களில் சிக்னல் போய்விடும், மேட்டுக்கு ஏறினால் கிடைக்கும். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். சாலை எண்ணையும் கடைசியாகத் தாண்டிய ஊரின் பெயரையும் சொன்னால் போதும். ஊர் முடியும் இடத்தில் பெயர்ப்பலகைமேல் சிவப்புக் கோடு அடித்திருக்கும், அதைக் கடக்கும்போதெல்லாம் பெயரை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்.